கஞ்சி போட்ட இழை

திருத்தணியில் பிறந்த ஒருவர் முதுகலைப் படிப்புக்குப் பாடம் எடுத்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1888 செப்டம்பர் 5இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஆசைப்பட்டுத் தத்துவம் படிக்கப் போனவர் அல்லர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் பழைய தத்துவப் பாடநூல்களை இவரிடம் கொடுத்தார். புதுப் புத்தகம் வாங்க வசதியில்லாத குடும்பம். கையில் எந்தப் பாடத்துக்குப் புத்தகம் இருக்கிறதோ அதைப் படி, அவ்வளவுதான். அப்படி வந்து சேர்ந்த பாடத்தில் எம்.ஏ.வுக்காக வேதாந்தத்தின் அறவியல் பற்றி அவர் எழுதிய ஆய்வேடு 1908இல் அச்சாகியது. அதற்கப்புறம் மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்ஃபோர்டு, ராஷ்டிரபதி பவன் என்று அவர் போன வழியை நாம் ஒவ்வொரு ஆசிரியர் தினத்திலும் கேட்டிருக்கிறோம்.

எம்.டெக். சேர்க்கை நடக்கும் கோடை மாதங்களில் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். 'காம்போசிட் மெட்டீரியல்ஸ்' என்று ஒரு துறை இருப்பதே பல பேருக்கு கேட் மதிப்பெண் வந்து, எங்கே எது கிடைக்கும் என்று பட்டியலைத் துழாவும்போதுதான் தெரியும். ஏரோ கிடைக்கவில்லை, டிசைன் கிடைக்கவில்லை, இது கிடைத்தது. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ரெண்டு வருஷம். வீட்டில் "அப்படீன்னா என்னப்பா?" என்று கேட்பார்கள். "விமானத்துக்கெல்லாம் போடுற மெட்டீரியல்" என்று சொல்லிச் சமாளிப்பான்.

திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே. பேட்டை பக்கத்து வீடுகளில் இதைவிட நல்ல பதில் ஒன்று சொல்ல முடியும். "தறியில நெய்யிற மாதிரி ஒரு துணி. அதுல பசை ஊத்திக் கெட்டியாக்கினா அதுதான் காம்போசிட்." பாமரத்தனமான விளக்கம் போலத் தெரியலாம். ஆனால் இந்தப் பொறியியல் உண்மையிலேயே நெசவிலிருந்து வந்த ஒன்று. விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை இந்தப் படிப்புக்குப் போனால், அவன் வீட்டுத் தொழில் பாடத்திட்டத்தில் அரை மணி நேரத்தில் முடிந்துபோகும் ஒரு தலைப்பாக இருக்கிறது. எப்படி இப்படி ஆயிற்று என்று பார்க்கப் போனால் அகமதாபாத், தும்பா, குரோம்பேட்டை எல்லாம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

*

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். வைக்கோல் போட்டு மிதித்த மண்சுவர் தெரியும் அல்லவா? மண் அழுத்தம் தாங்கும், இழுத்தால் விரியும். வைக்கோல் இழுப்பைத் தாங்கும், தனியாக நிற்காது. ரெண்டும் சேர்ந்தால் சுவர். சேர்ந்த பிறகும் வைக்கோல் வைக்கோலாகத்தான் இருக்கிறது, மண் மண்ணாகத்தான் இருக்கிறது. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோவதைப் போல இதில் எதுவும் கரைவதில்லை. அதனால்தான் 'கலவை' என்ற சொல் இதற்கு எனக்கு உறுத்துகிறது. 'கூட்டுப்பொருள்' பரவாயில்லை.

நவீன வடிவத்தில் வைக்கோலின் இடத்தில் கண்ணாடி இழை அல்லது கார்பன் இழை. மண்ணின் இடத்தில் எபாக்சி, பாலியெஸ்டர் மாதிரியான ரெசின். ஒரு கார்பன் இழையின் விட்டம் சுமார் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. விறைப்பில் எஃகுக்குச் சமம், சில வகைகள் அதற்கும் மேல். எடையோ எஃகின் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த இழைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து ஒரு நூல்கற்றை, கற்றைகளை நெய்து ஒரு துணி, துணிகளை அடுக்கி ரெசின் ஊட்டி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்தால் ஒரு தகடு. எந்த அடுக்கில் இழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதைப் பொறியாளர் தீர்மானிக்கிறார். உலோகத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது. எஃகுத் தகட்டை வாங்கும்போது அதன் குணத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். காம்போசிட்டில் குணத்தை நாமேதான் நெய்துகொள்ள வேண்டும்.

அதன் கலைச்சொற்களைக் கவனித்தால் வேர் தெரிந்துவிடும். வார்ப், வெஃப்ட் என்கிறார்கள், நம் பாவும் ஊடையும்தான். பிளெய்ன், ட்வில், சாட்டின் என்று நெசவு வகைகள். மேலும் கீழுமாக நூல் வளைந்து போவதற்கு கிரிம்ப் என்று பெயர். அந்த நெளிவு அதிகமானால் தகட்டின் விறைப்பு குறையும். எனக்குப் பிடித்த சொல் 'சைசிங்'. கண்ணாடியை உருக்கி இழையாக இழுத்த கையோடு அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சு பூசுகிறார்கள், அதற்குத்தான் சைசிங் என்று பெயர். பாவு நூலுக்கு நம்மூரில் கஞ்சி போடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். நூல் தறியில் உராய்ந்து அறுந்துவிடக் கூடாது என்பதற்காகப் போடும் கஞ்சி, ராக்கெட் பொறியியல் அகராதியில் பெயர்கூட மாறாமல் உட்கார்ந்திருக்கிறது.

*

கார்பன் இழையின் தொடக்கம் எடிசனின் பல்பு. 1879இல் அவர் எரியவைத்த விளக்கின் உள்ளே இருந்தது கருக்கிய பருத்தி நூல். மறுவருஷமே மூங்கில் நாருக்கு மாறினார். டங்ஸ்டன் வந்ததும் அந்தக் கார்பன் நூலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1958இல் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேக்கன் மிக வலுவான கார்பன் இழைகளைக் கண்டார். அடுத்த சில வருஷங்களில் ஜப்பானில் அகியோ ஷிண்டோ, பிரிட்டனில் ஃபார்ன்பரோ அரசு ஆய்வகத்தினர் என்று ஒவ்வொருவராகப் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற இழையிலிருந்து கார்பன் இழை எடுக்கும் வழியைச் செப்பனிட்டார்கள். அந்த நீளமான பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அக்ரிலிக் ஸ்வெட்டர் எதனால் ஆனதோ அதன் நெருங்கிய உறவுதான். பட்டுப்போல இழுத்த அந்த நூலை முதலில் காற்றில் சூடாக்கிப் பதப்படுத்தி, பிறகு காற்றே படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால், கார்பன் தவிர மற்றதெல்லாம் ஆவியாகிப் போய்விடும்.

ஆகவே இதில் யார் முந்த முடியும்? நூல் செய்யத் தெரிந்தவர்கள். பிரிட்டனில் கோர்ட்டால்ட்ஸ் இறங்கியது, அது துணி நிறுவனம். ஜப்பானில் டோரே 1971இல் வணிக அளவில் உற்பத்தியைத் தொடங்கியது. டோரே என்பதே 'டோயோ ரேயான்' என்பதன் சுருக்கம். 1926இல் ரேயான் நூல் ஆலையாகப் பிறந்த நிறுவனம் அது. அது தொடங்கிய காலத்தில் கார்பன் இழைக்குப் பெரிய சந்தை எதுவும் கிடையாது. மீன்பிடித் தூண்டில், கோல்ஃப் மட்டை, டென்னிஸ் மட்டை என்று விற்றுக்கொண்டே காத்திருந்தார்கள். 2009 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த போயிங் 787இன் எடையில் பாதி காம்போசிட். அதற்குக் கார்பன் இழை கொடுத்தது டோரே. நாற்பது வருஷப் பொறுமை!

பொறுமையில்லாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்பி211 ஜெட் எஞ்சினின் முன்விசிறிக்குக் கார்பன் இழை இறக்கைகளைப் போட முயன்றது. எடை கணிசமாகக் குறையும் என்று கணக்கு. பறவை மோதல் சோதனையில் இறக்கைகள் உடைந்தன, டைட்டானியத்துக்குத் திரும்பினார்கள். செலவு ஏறிக்கொண்டே போய் 1971 பிப்ரவரியில் நிறுவனம் திவாலானது, பிரிட்டன் அரசு எடுத்து நடத்த வேண்டியிருந்தது. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிளந்துகொள்வதுதான் காம்போசிட்டின் நிரந்தர நோய். இழை அறுவதற்கு முன்பே ஒட்டு விட்டுவிடும்.

நம் பக்கம் பார்த்தால், பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. டோரேவைவிட மூத்தவை. 1996இல் மூடப்பட்டன. ஒரு துணி ஆலை அடுத்த தலைமுறை இழைக்கு நகர முடியும் என்ற யோசனைக்கு இங்கே பணமும் கிடைக்கவில்லை, காத்திருக்க ஆளும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

*

இந்தியாவில் அந்த யோசனைக்கு மிக அருகில் போன மனிதர் ஒருவர் உண்டு. விக்ரம் சாராபாய். அவரை விண்வெளித் திட்டத்தின் தந்தை என்று சொல்லும்போது, அகமதாபாதில் காலிகோ மில் வைத்திருந்த குடும்பத்தின் பிள்ளை என்பதை நாம் ஏதோ வாழ்க்கைக் குறிப்பு மாதிரி கடந்துவிடுகிறோம். 1947இல் அவர் ரெண்டு நிறுவனங்களைத் தொடங்கினார். ஒன்று இயற்பியல் ஆய்வகம், இன்னொன்று 'அட்டிரா' என்ற அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கம். துணித் தொழிலில் பழக்கமே இல்லாத இளம் விஞ்ஞானிகளை அழைத்துவந்து மில்லுக்குள் அனுப்பினார். அனுபவத்தை வைத்தே ஓடிக்கொண்டிருந்த ஆலையில் அளந்து பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவருவதுதான் வேலை. நூல் எவ்வளவு இழுப்பைத் தாங்கும், எங்கே அறுகிறது, ஈரப்பதம் கூடினால் என்ன ஆகிறது. காம்போசிட் வகுப்பின் முதல் மாதப் பாடமும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான்.

பதினைந்து வருஷம் கழித்து, 1962இல், அதே சாராபாய் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமையேற்றார். திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே போகிறது. அந்தக் கோட்டின் மேலே வானத்தில் ஓடும் மின்னோட்டத்தை அளக்க காந்தமானியை ராக்கெட்டில் வைத்து அனுப்ப வேண்டும். இங்கேதான் காம்போசிட் நம் கதைக்குள் வருகிறது. இரும்பு உறைக்குள் காந்தமானியை வைத்தால் அது வானத்தை அளக்குமா, உறையை அளக்குமா? காந்தத்துக்கு அசையாத உறை வேண்டும். கண்ணாடித் துணியும் ரெசினும் சேர்ந்த உறை. இந்திய ராக்கெட் காம்போசிட்டின் முதல் வேலைகளில் ஒன்று அந்தக் காந்தமற்ற கருவி உறைகள்.

அதைச் செய்த குழுவை வழிநடத்திய ராமேஸ்வரத்துக்காரரை உங்களுக்குத் தெரியும். அவர் என்ன படித்திருந்தார் என்பதுதான் விஷயம். அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டுக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். சேர்வதற்கு ஆயிரம் ரூபாய் கட்ட, அவர் அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். எம்.ஐ.டி.யை 1949இல் சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தில் தொடங்கியிருந்தார். பி.எஸ்ஸி. முடித்தவர்களை எடுத்து மூன்று வருஷத்தில் விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் பொறியாளர்களாக்கும் படிப்பு. வளாகத்தில் கழித்துக்கட்டிய விமானங்கள் ரெண்டு நிற்கும், மாணவர்கள் போய்த் தொட்டுப் பார்க்கலாம். கலாம் அதற்குமேல் எம்.டெக். எதுவும் படிக்கவில்லை. தேர்வெழுதி வாங்கிய முனைவர் பட்டமும் இல்லை. காம்போசிட் என்ற பாடத்தில் பட்டம் வாங்க இங்கே அப்போது இடமே கிடையாது.

தும்பாவில் அவர்கள் செய்ததை நினைத்துப் பார்த்தால் எனக்குப் பட்டறைதான் கண்ணில் வருகிறது. கண்ணாடி இழையை ரெசினில் தோய்த்து, சுழலும் உருளை மேல் குறிப்பிட்ட கோணத்தில் சுற்றுவது. ஃபிலமென்ட் வைண்டிங் என்பார்கள். பார்ப்பதற்குத் தாரில் நூல் சுற்றுவது போலவே இருக்கும். கோணம் ஒரு டிகிரி பிசகினாலும் உள்ளே எரிபொருள் எரியும்போது உறை எந்தப் பக்கம் பிதுங்கும் என்று சொல்ல முடியாது. இப்படிச் சுற்றிச் சுற்றி 360 மில்லிமீட்டர் விட்டம் வரை மோட்டார் உறைகள் செய்து பறக்கவிட்டார்கள். அந்தப் பழக்கம் எஸ்எல்வி-3இல் வேலைக்கு வந்தது. அதன் கீழிரண்டு கட்டங்கள் எஃகு, மேலிரண்டும் இழை-ரெசின் உறைகள். மேலே போகப்போக ஒவ்வொரு கிலோவுக்கும் விலை ஏறும், அதனால் இலேசான பொருள் உச்சியில். 1979 ஆகஸ்ட் 10இல் முதல் முயற்சி கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18இல் ரோகிணி சுற்றுப்பாதைக்குப் போனது. ஏவுதளம் ஸ்ரீஹரிகோட்டா. திருத்தணி மலையிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 90 கிலோமீட்டர்தான்.

அந்த நான்காவது கட்ட மோட்டாருக்கு இன்னொரு வாழ்க்கையும் கிடைத்தது. 1981 ஜூன் 19இல் ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டில் போன ஆப்பிள் செயற்கைக்கோளைப் புவிநிலைப் பாதைக்குத் தள்ளியது அதே மோட்டாரின் மாற்று வடிவம். மாட்டு வண்டியில் ஆப்பிளை ஏற்றிச் சோதித்த புகைப்படத்தை எல்லோரும் பகிர்கிறோம். வண்டிக்கு மரச்சட்டம், செயற்கைக்கோளைத் தள்ளிய மோட்டாருக்கு இழைச்சட்டம்.

பிறகு ஹைதராபாத். 1989இல் சோதிக்கப்பட்ட அக்னியின் முனை, வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழையும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகும். அதைத் தாங்கியது கார்பன் கூட்டுப்பொருள் கவசம். அந்த ஆய்வகத்துக்கு வந்த எலும்பு மருத்துவர் ஒருவர் அந்தப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கலாமை நிஜாம் மருத்துவ நிறுவனத்துக்கு அழைத்துப் போனார். போலியோ பாதித்த பிள்ளைகள் மூன்று கிலோவுக்கும் மேலான இரும்புக் காலிப்பர்களை இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். மூன்று வாரத்தில் 300 கிராமில் புதுக் காலிப்பர் செய்து கொடுத்ததாகக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவர் வாழ்க்கையில் தனக்கு மிக நிறைவு தந்ததாகச் சொன்னவற்றில் அதுவும் ஒன்று.

*

எம்.ஐ.டி. தொடங்கிய அதே 1949இல் ஆகஸ்ட் மாதம் இன்னொன்றும் நடந்தது. ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. சுதந்திர இந்தியாவின் முதல் கல்விக் குழு. உறுப்பினர்களில் மேகநாத சாஹா, ஜாகிர் ஹுசைன், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் எல்லோரும் இருந்தார்கள். அதிகம் பேசப்படாத ஒரு பெயர் ஆர்தர் மார்கன். அமெரிக்காவில் டென்னஸி பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தின் முதல் தலைவர், பொறியாளர். அதற்கு முன்பு ஆன்டியாக் கல்லூரியின் தலைவராக இருந்து, மாணவர்கள் கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் வேலை என்று மாறிமாறிப் படிக்கும் முறையை நடத்திக் காட்டியவர். குழுவின் அறிக்கையில் கிராமப் பல்கலைக்கழகங்களுக்காகத் தனி அத்தியாயம் இருக்கிறது. அதில் மார்கனின் கை தெரியும். கிராமத்துத் தொழிலும் உயர்கல்வியும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

திருத்தணிக்காரர் தலைமையில் வந்த அந்த அத்தியாயம் நடைமுறையில் ஓரத்துக்குப் போய்விட்டது. காந்திகிராமம் போன்ற சில இடங்கள் தவிர, நாம் கட்டியெழுப்பியது வேறு. ஐ.ஐ.டி.கள் வந்தன, வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் வந்தன, 1980களில் கேட் தேர்வு வந்தது. இதையெல்லாம் குறை சொல்ல நான் வரவில்லை. காம்போசிட்டில் இந்தியா எதையும் சாதிக்கவில்லை என்று யாராவது சொன்னால் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தைக் காட்டுவேன். 2001 ஜனவரி 4இல் பறந்த தேஜஸின் எடையில் சுமார் 45 சதவீதம் காம்போசிட். அதற்கான துணியடுக்குகளை வேகவைக்கும் ஆட்டோகிளேவ் என்ற பிரம்மாண்ட பிரஷர் குக்கர்களை நாமே கட்டக் கற்றுக்கொண்டோம். ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாடுகள் 1987இல் வந்த பிறகு நல்ல கார்பன் இழையை வெளியிலிருந்து வாங்குவதே பெரும்பாடு. அந்த நெருக்கடியில் செய்தது இது.

நான் சொல்ல வருவது பாடம் எப்படி மாறியது என்பதைப் பற்றி. ராபர்ட் ஜோன்ஸின் பாடநூல் 1975இல் வந்தது. 1980இல் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பி.டி. அகர்வால், புரூட்மனுடன் சேர்ந்து எழுதிய நூல் வந்தது. அருமையான நூல்கள், இரண்டையும் புரட்டியிருக்கிறேன். அதிலிருந்து நம் எம்.டெக். பாடத்திட்டங்களின் அச்சு விழுந்தது. அடுக்குத் தகட்டுக் கோட்பாடு, ஆறுக்கு ஆறு அணிகள், சாய்-வூ முறிவு விதி, அப்புறம் கணினியில் ஃபைனைட் எலிமென்ட். இதெல்லாம் காகிதத்திலும் திரையிலும் நடத்தக்கூடிய, தேர்வு வைக்கக்கூடிய பகுதிகள். நெசவு, கஞ்சி, இழைக்கும் ரெசினுக்கும் நடுவே உள்ள ஒட்டு போன்றவை கையில் எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். அவை 'வலுவூட்டும் பொருள்களின் வடிவங்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒதுங்கின. ஜவுளிப் பொறியியல் தனித் துறை, விமானப் பொறியியல் தனித் துறை. ரெண்டு பேரும் ஒரே கேன்டீனில் டீ குடிப்பார்கள், அவ்வளவுதான். சாராபாய் என்ற ஒரே மனிதருக்குள் அடுத்தடுத்து இருந்த ரெண்டு அறைகளுக்கு நடுவே நாம் சுவர் எழுப்பிவிட்டோம்.

*

திருத்தணிக்கு எல்லை என்பது புதிது இல்லை. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போன ஊர். ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. பிரிவதற்கு முந்தைய மாநிலத்தை ஆங்கில நாளிதழ்கள் இன்றும் 'காம்போசிட் மெட்ராஸ் ஸ்டேட்' என்றுதான் எழுதுகின்றன. கோடு எந்தப் பக்கம் போனாலும், பாவு ஓட்டும் தெருக்களில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வந்துபோகும்.

அந்தத் தெருக்களில் ஒன்றிலிருந்து எம்.டெக். போன நண்பன் எனக்கு உண்டு. அப்பாவுக்கு நாலு விசைத்தறி. இவன் ஆய்வேட்டுக்கு எடுத்தது நெய்த கண்ணாடித் துணித் தகடுகளில் நெளிவின் விளைவு. துணியை வெளியிலிருந்து வாங்கி, வெட்டி, அடுக்கி, சோதிப்பது திட்டம். இவனுக்கு ஒரு ஆசை வந்தது, நம்ம தறியிலேயே ஊடை அடர்த்தியை மாற்றி மாற்றி நெய்தால் என்ன? துறையில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை, செலவுத் தலைப்பும் இல்லை. சொந்தக் காசில் ஒரு கண்டு கண்ணாடி ரோவிங் வாங்கிக்கொண்டு பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தான்.

தறி ஓட்டிய அரை மணி நேரத்துக்குள் பாவு பஞ்சு பஞ்சாக உதிர ஆரம்பித்தது. கையெல்லாம் அரிப்பு. பருத்திக்கு என்று செய்த விழுதிலும் அச்சிலும் கண்ணாடி உராய்ந்தால் வேறு என்ன ஆகும். அவன் அப்பா தறியை நிறுத்திவிட்டு நூலை விரலில் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாடா இது, கஞ்சியே போடாம குடுத்துக்கீறான்?"

"போட்டிருக்காம்பா. கம்பெனிலயே பூசித்தான் வருது."

"இது ஒட்டுறதுக்குப் போட்டது. நெய்யிறதுக்குப் போட்டது இல்ல."

எந்தக் கைநூலையும் பார்க்காமல் சொன்னது அது. தொழிலும் அதையேதான் சொல்கிறது. கண்ணாடி இழைக்கு ரெண்டு விதமான சைசிங் உண்டு. ரெசினோடு நேரடியாக ஒட்டுவதற்கான சிலேன் பூச்சு ஒன்று. மெல்லிய துணி நெய்வதற்கான நூலுக்கு ஸ்டார்ச்சும் எண்ணெயும் கலந்த பூச்சு இன்னொன்று, சுத்தமான கஞ்சிதான் அது. நெய்து முடித்ததும் துணியை உலையில் வைத்து அந்தக் கஞ்சியை எரித்துவிட்டு, பிறகு சிலேன் பூசுவார்கள். நண்பன் வாங்கியது முதல் வகை. ரெண்டாவதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அகர்வால் புத்தகத்தை அன்று ராத்திரி மறுபடி எடுத்துப் பார்த்தானாம்.

அந்த ஆய்வேடு திட்டப்படியே, வாங்கிய துணியை வைத்தே முடிந்தது. இன்றைக்கு அவன் சென்னைக்கு மேற்கே காற்றாலை இறக்கை செய்யும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். அந்தப் படிப்பைப் படித்து அதே துறையில் இருக்கும் சிலரில் ஒருவன். அவன் வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போலக் கோடு எழுதப் போய்விட்டார்கள், 12,400 ரூபாயில் ரெண்டு வருஷம் ஓட்டியவர்களை யார் குறை சொல்ல முடியும். அறுபது மீட்டருக்கு மேல் நீளும் அந்த இறக்கைகளுக்குள் கண்ணாடித் துணியை விரிப்பது இன்றும் மனிதக் கைகள்தான். சுருக்கம் விழாமல் விரிக்க வேண்டும். சுருக்கம் விழுந்த இடத்தில் ரெசின் தேங்கும், வருஷக்கணக்கில் சுழன்றபின் அங்கேதான் விரிசல் தொடங்கும். விரிப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் யார் யார் துணி விரித்துப் பழகிய வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று அவனால் பார்த்தே சொல்லிவிட முடியுமாம். ஓரத்தைப் பிடிக்கும் விதமே வேறு.

2020 பிப்ரவரியில் மத்திய அரசு தேசிய தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு 1,480 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதற்கு முன்பே இதே மாதிரித் திட்டம் ஒன்றின் கீழ் காம்போசிட்டுக்கான சிறப்பு மையமாக அட்டிரா ஆகியிருந்தது. சாராபாய் 1947இல் தொடங்கிய அதே அட்டிரா. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி.யில் தொழில்துறை ஜவுளிக்கு ஒரு மையம் இருக்கிறது. பொதட்டூர்பேட்டைக்கு வந்த சலுகை மின்சாரம். தமிழ்நாடு அரசு விசைத்தறிக்கு ரெண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசமாகக் கொடுத்துவந்ததை 2023இல் ஆயிரமாக உயர்த்தியது. தறி ஓடுவதற்கு அது நிச்சயம் வேண்டும். தறியில் என்ன ஓட வேண்டும் என்பதைப் பற்றி அங்கே யாரும் வந்து பேசியதாக நண்பனின் அப்பா சொல்லவில்லை.

அவர் நாலு தறியில் ரெண்டை விற்றுவிட்டார். மிச்சம் இருந்த கண்ணாடி ரோவிங் கண்டு, பாலிதீன் பையில் கட்டி, தறிக்கொட்டகைப் பரணில் இருக்கிறது. போன முறை போயிருந்தபோது, ரேப்பியர் தறி செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்கு வரும் என்று என்னிடம் விசாரித்தார். நாடா இல்லாமல் ஊடையைக் கொக்கியில் பிடித்து இழுத்துப்போகும் தறி அது. கண்ணாடி நூலை நெய்யும் ஆலைகளில் அந்த வகைத் தறிகள் உண்டு. எனக்கு விலை தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.